பத்து இழை முடிச்சு

சேலை விற்கிறவனுக்கு வாய் வேண்டும். ராசிபுரத்து மணியனுக்கு அது தேவைக்கு மேலேயே இருந்தது. நாமகிரிப்பேட்டைச் சந்தையில் அவன் ஒரு சேலையை உதறி விரித்தால், மஞ்சள் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறவன்கூட நின்று விடுவான். கல்யாணமே ஆகாதவனாக இருந்தாலும் ஒரு வார்த்தை விலை கேட்டுவிட்டுத்தான் நகர்வான். அப்பேர்ப்பட்ட வாய். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த வாயால் அவன் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. பொய் சொல்ல அவன் வேறொரு ஆளை வைத்திருந்தான். அந்த ஆளுக்குப் பெயர் லேபிள்.

உள்ளங்கை அகலத் தாள். தோகை விரித்த மயில் படம். மயிலின் காலடியில் சிவப்பு மையில் ‘அசல் பட்டுச் சேலை’ என்று சேலத்தில் அச்சடித்து வாங்கியது. மடித்த சேலையின் மேல்மடிப்பில் சோற்றுப் பசை தடவி ஒட்டியிருக்கும். “இது பட்டுங்களா?” என்று யாராவது கேட்டால் மணியன் ஆமாம் என்றும் சொல்ல மாட்டான், இல்லை என்றும் சொல்ல மாட்டான். “தாள்ல என்ன போட்டிருக்குதுன்னு பாருங்க” என்பான். “படிக்கத் தெரியாதுங்களே” என்றால், “அதுக்கென்ன, நான் படிக்கிறேன் கேளுங்க” என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, புராணம் வாசிப்பவன்போல நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டுவான். சொன்னது தாள், படித்தது மட்டும்தான் நான் என்று மனசுக்குள் ஒரு நியாயம். அந்த நியாயம் கோர்ட்டில் வேண்டுமானால் நின்றிருக்கும். அவன் பெண்டாட்டி ராஜம்மாளிடம் நிற்கவில்லை.

அது சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து கள்ளுக்கடைகளை மூடிய சமயம். கள் போன வழியில் ஜப்பான் நூல் வந்தது என்று தறிக்காரர்கள் கேலி பேசுவார்கள். எதையோ கூழாக்கி இழை இழுத்துச் செய்கிறார்களாம். ஜப்பான் பட்டு என்று பெயர் வைத்தார்கள். மினுக்கு என்றால் அப்படி ஒரு மினுக்கு, பட்டுப்பூச்சி பார்த்தால் வெட்கப்பட்டுக் கூட்டுக்குள்ளேயே இருந்துவிடும். விலையோ பட்டில் கால்வாசிகூட வராது. மணியன் வீட்டின் இரண்டு தறியிலும் அந்த நூல் ஏறியது. பாவுக்கு, அதாவது நீளவாட்டு இழைக்கு, ஜப்பான் நூல். குறுக்கே ஓடும் ஊடைக்குப் பருத்தி. கரையில் மட்டும் நிஜப் பட்டு. கரை பட்டாக இருந்தால் அதைப் பட்டுச் சேலை என்று விற்பது அந்தத் தெருவில் பழகிப்போன காரியம். மணியனாகப் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. ஊரோடு ஒத்து வாழ் என்பதை அவன் தனக்கு வசதியான இடத்தில் மட்டும் கடைப்பிடித்தான்.

முதல் சேலை தறியை விட்டு இறங்கியதும் ராஜம்மாள் செய்த வேலை அதன் முனையில் ஒரு சாண் வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டதுதான். ஊறியதை எடுத்து முறுக்கினாள். நனைந்த அப்பளம் மாதிரி இரண்டாகப் பிய்ந்து கையோடு வந்தது. கொண்டுவந்து புருஷன் முன்னால் போட்டாள்.

மணியன் சிரித்தான். “பட்டை ஊறவெச்சுத் துவைக்கிற கிறுக்கச்சி இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான் புள்ள. பட்டு வாங்கறவங்க பொட்டியில வெச்சுப் பூட்டுவாங்க. கோயில் நோம்பி நொடின்னா எடுத்துக் கட்டுவாங்க. அதுக்குத் தண்ணியே காட்ட மாட்டாங்க.”

“செரிங்க. ஆனா வாங்கறவங்களுக்கு அது தெரியோணும்.”

“தெரிஞ்சா வாங்குவாங்களா?”

“தெரிஞ்சு வாங்கறவங்க வாங்கட்டும்.”

“ஏம்புள்ள, மாப்பிள்ளைக்குப் பொழுது உழுந்தாக் கண்ணு தெரியாதுன்னு கல்யாணப் பத்திரிகையில அடிச்சா, எவன் பொண்ணு குடுப்பான்?”

“அடிக்காமக் கட்டி வெச்சா அவன் கெணத்துல உழுவான். தாலியறுக்கறது யாருங்க?”

ராஜம்மாளுக்கு எப்போதும் நாலு வார்த்தை போதும். அவள் ஒருத்தி இருந்ததால்தான் அந்த வீடு வீடாக இருந்தது என்று தெருவில் சொல்வார்கள். அதில் பாதிகூட மிகையில்லை. பாவு ஓட்டுவதும் கஞ்சி தோய்ப்பதும் கரைக்கு நிறம் பார்ப்பதும் அவள் கை. அவள் பார்த்து மடித்த பிறகுதான் சேலை மூட்டைக்குள் போகும்.

அன்றைக்கு அவள் பேச்சோடு விடவில்லை. மயில் படத்துக்குக் கீழே உண்மையை எழுதி ஒட்டலாம்தான். ஆனால் சந்தைக்கு வருகிற பெண்களில் எழுத்துத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? எழுத்தில் போட்டால் அதைப் படித்துக் காட்டுவதும் மணியன் வாய்தானே. வெகுநேரம் தறிக்குழிப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தாள். நூல் கடையிலிருந்து கட்டு வரும்போது மாதிரி இழையைத் தனியாக முடிந்து அனுப்புவது வழக்கம். அதிலிருந்துதான் அவளுக்கு வழி பிறந்தது.

சேலையின் உள்முனையில், இடுப்பில் செருகும் இடத்தில், பத்து இழைகளைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். முழுச் சேலையையும் பத்துப் பங்காக வைத்தால் எது எத்தனை பங்கோ, அது அத்தனை இழை. ஐந்து ஜப்பான் நூல், நாலு பருத்தி, ஒரே ஒரு பட்டு. எதற்கும் சாயம் போடவில்லை, சாயம் குணத்தை மறைத்துவிடும். வேண்டுமானால் ஒரு இழையை உருவி எச்சில் தொட்டு இழுத்துப் பார்க்கலாம். தீக்குச்சி கிழித்துக் கொளுத்தியும் பார்க்கலாம், பட்டென்றால் மயிர் பொசுங்குகிற நாற்றம் வரும், மற்றது துணி எரிகிற வாடைதான் அடிக்கும். படிப்பு வேண்டாம், ஆள் வேண்டாம், விரல் இருந்தால் போதும். எவ்வளவு பெரிய காரியத்தை எவ்வளவு சின்ன முடிச்சில் போட்டுவிட்டாள்! ஆயிரம் பேர் சேலை விற்ற ஜில்லாவில் இது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம் மூளை இல்லாததல்ல. அப்படித் தோன்றினால் மயில் ஆடாது.

மணியனும் அதைத்தான் நினைத்தான். நல்ல முடிச்சுதான், ஆனால் வியாபாரத்துக்கு ஆகாது. சண்டை போட்டு ராஜம்மாளை ஜெயிக்க முடியாது என்று தெரியும். அதனால் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு மூட்டையைக் கட்டுவான். சந்தைக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்து, மூட்டையை அவிழ்த்து, பாக்குவெட்டியால் முடிச்சுகளை ஒவ்வொன்றாக நறுக்கி எடுப்பான். என்ன இருந்தாலும் பெண்டாட்டி கைவேலை, தூக்கி எறிய மனசு வராது. வெற்றிலைப் பைக்குள் போட்டுக்கொள்வான். பிறகு மயில் சந்தைக்குள் ஆடிக்கொண்டு போகும்.

பங்குனியில் ஒரு சந்தை நாள். போதமலை அடிவாரத்து ஊரிலிருந்து வள்ளியாத்தாள் என்ற குடியானவப் பெண், மகள் பூவாத்தாளோடு வந்தாள். தாய் பேசினால் நாலு கடை தாண்டிக் கேட்கும். மகள் பேசவே இல்லை. இருபது வயசுக்குள்தான் இருக்கும். போன வருஷத்து அம்மை அவள் முகத்தில் தன் விரலைப் பதித்துவிட்டுப் போயிருந்தது. முந்தானையை இழுத்துப் பாதி முகத்தை மூடியிருந்தாள். ஆனால் மணியன் அரக்குச் சிவப்புச் சேலை ஒன்றை உதறிப் போட்டபோது, மூடிய கை தானாகக் கீழே இறங்கிச் சேலையைத் தடவியது. முகம் மலர்ந்துவிட்டது. சேலைக்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

“முழுக்கப் பட்டுதானுங்களே?” என்றாள் வள்ளியாத்தாள்.

“தாளைப் படிக்கிறேன் கேளுங்க, ஆத்தா.” படித்தான்.

“எதுக்குக் கேக்கறன்னா, சாமி காரியமுங்க. இவ பொழைச்சு எந்திரிச்சா பட்டு உடுத்தித் தீர்த்தக்குடம் எடுக்க வெக்கறேன்னு மாரியாத்தாளுக்கு வேண்டியிருக்கறேன். அம்மை எறங்குன நாள்ல இருந்து ஊட்டை உட்டு வெளியில வர மாட்டேன்னவள இன்னைக்குத்தான் இழுத்துட்டு வந்திருக்கறேன். நாளைக்குக் காத்தாலதான் போதமலை அடிவாரத்துல எங்கூருக் கோயில் நோம்பி.”

“அந்த ஆத்தாளே கண்ணால பாத்து எடுத்த மாதிரி இருக்குதுங்க. அம்முணிக்குன்னே நெய்ஞ்சது” என்றான் மணியன். வாய் அது பாட்டுக்கு ஓடியது. தீர்த்தக்குடம் என்ற சொல் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. விற்கிற சந்தோஷத்தில் இருப்பவனுக்குக் காது வெறும் அலங்காரம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தவன், சந்தைக் கதையை ராஜம்மாளிடம் நடித்தே காட்டினான். வள்ளியாத்தாள் குரலில் பேசினான், பூவாத்தாள் சேலையைத் தடவியதைத் தன் வேட்டியைத் தடவிக் காட்டினான். ராஜம்மாள் ராட்டையைச் சுற்றிக்கொண்டே சிரித்தாள். அப்புறம் ராட்டை நின்றது.

“என்ன எடுக்கறாங்கன்னு சொன்னீங்க?”

“தீர்த்தக்குடம்.”

“ஈரத்தோடதானுங்களே எடுப்பாங்க.”

மணியன் வேட்டியைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்தான். தலையோடு தண்ணீர் ஊற்றி, சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு, குடத்தைத் தலையில் வைத்துக் கோயில்வரை நடக்க வேண்டும். அடிக்கு அடி சேலை முழங்காலில் இழுபடும். இத்தனையும் அவன் சின்ன வயசிலிருந்து பார்த்ததுதான். பட்டுக்கு யாரும் தண்ணீர் காட்ட மாட்டார்கள் என்று சொன்னவன், மாரியாத்தாள் காட்டச் சொல்வாள் என்பதை மறந்துபோனான்.

“முடிச்சைப் பாத்துட்டுமா வாங்குனாங்க?” என்றாள் ராஜம்மாள். “அஞ்சு இழை ஜப்பான்னு கையில தொட்டுப் பாத்துட்டு, ஒரு தாயி அதப் புள்ளைக்கு நனைச்சுக் கட்ட வாங்குவாளா?”

அவன் கை தன்னை அறியாமல் வெற்றிலைப் பையின் மேல் போயிற்று. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மணியனைக் காட்டிக்கொடுக்க அவன் கையே போதுமாக இருந்தது. ராஜம்மாள் எழுந்து வந்து பையை எடுத்துக் கவிழ்த்தாள். பாக்கோடும் சுண்ணாம்பு டப்பியோடும் முடிச்சுகள் கொத்தாக விழுந்தன. ஒவ்வொன்றும் அவள் கை போட்டது.

கத்துவாள் என்று நினைத்தான். கத்தியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“இத்தன நாளா நான் முடிஞ்சது உங்க வெத்தலப் பைக்குத்தானுங்களா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு அவற்றைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள்: “இனிமே என் கை முடிச்சுப் போடாது. அந்தப் பேச்சு அப்பறம் இருக்கட்டும். வண்டிக்காரரைப் பாத்துச் சொல்லிட்டு வாங்க. கோழி கூப்பிடப் பொறப்படோணும்.”

விடியுமுன் கிளம்பினார்கள். ராஜம்மாள் மடியில் ஒரு புதுப் பருத்திச் சேலை, மஞ்சளில் நனைத்துக் காயவைத்து தனக்கென்று எடுத்து வைத்திருந்தது. வண்டி குலுங்கக் குலுங்க மணியன் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். நாமகிரிப்பேட்டை தாண்டியதும் மெல்ல ஆரம்பித்தான்.

“சாயம் சரியா ஏறல, நனைஞ்சா ஒழுகும், வேற மாத்திக் குடுக்கறேன்னு சொன்னா என்ன புள்ள? சேலையும் கைக்கு வந்துரும், பேரும் கெடாது.”

ராஜம்மாள் அவன் பக்கம் திரும்பவில்லை. “மறுக்காவும் லேபிள் ஒட்டப் பாக்கறீங்க” என்றாள்.

அவமானம் என்றால் என்ன என்று மணியன் அந்த வழியில்தான் முதன்முதலாக உட்கார்ந்து யோசித்தான். தன்னுடையதை அல்ல, அந்தப் பெண்ணுடையதை. வீட்டைவிட்டு வெளியே வர மாட்டேன் என்றிருந்தவள், இன்றைக்கு ஊர் முன்னால் வந்து நிற்கப் போகிறாள். நடு வீதியில், பம்பை முழங்க, இரண்டு கையும் குடத்தைப் பிடித்திருக்கும்போது, அவன் விற்ற சேலை பிரிந்துபோனால்? மறைக்க அவளுக்குக் கைகூட இருக்காது. மாட்டை இன்னும் விரட்டச் சொன்னான்.

ஊருக்குள் நுழைந்தபோது பம்பை முழங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்துக் கிணற்றடியில் கூட்டம். வேப்பிலை கட்டிய குடங்கள் வரிசையாக இருந்தன. கிணற்றுமேட்டில் பூவாத்தாள் நின்றாள். அரக்குச் சிவப்பு காலை வெயிலில் தகதகவென்று எரிந்தது. முகத்தை மூடவில்லை. ஊரே அவளைப் பார்த்தது, அவளும் ஊரைப் பார்த்தாள். அம்மைத் தழும்பு அங்கேயேதான் இருந்தது, யாரும் அதைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. வள்ளியாத்தாள் நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு மகளை நோக்கி வந்தாள்.

வண்டி நிற்குமுன் மணியன் குதித்தான். “ஆத்தா! தண்ணி ஊத்தாதீங்க!”

பம்பை நின்றது. அத்தனை தலையும் திரும்பின.

வள்ளியாத்தாள் அடையாளம் கண்டுகொண்டாள். “ஏனுங்க சேலக்காரரே, காசு கொறையுதுங்களா?”

“சேலை கொறையுதுங்க.”

“என்ன சொல்றீங்க?”

மணியன் ராஜம்மாளைத் திரும்பிப் பார்த்தான். அவள் வண்டிப் பக்கத்தில் மஞ்சள் சேலையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள். நினைத்தால் நாலு வார்த்தையில் அவளே சொல்லி முடித்திருப்பாள். சொல்லவில்லை. அவன் சொல்லட்டும் என்று நின்றாள். சந்தையில் ஆயிரம் பேர் முன்னால் ஓடிய வாய், அங்கே ஒரு வார்த்தைக்குத் திணறியது. சாயம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினான்.

“அந்தச் சேலையில பத்துல அஞ்சு பங்கு ஜப்பான் நூலுங்க. நாலு பங்கு பருத்தி. பட்டு ஒரே ஒரு பங்கு, அதுவும் கரையில மட்டும். ஜப்பான் நூலு நனைஞ்சாத் தாங்காது. அம்முணி நடந்தாப் பிரிஞ்சு போயிருமுங்க. தாள்ல இருக்கறது பொய்யி. அதப் படிச்சது என்ற வாயி.”

கூட்டத்தில் ஒருவன், “சாமி காரியத்துலயா வெளையாடறே? புடிச்சுக் கட்டுங்கடா அவனை” என்று முன்னால் வந்தான். வள்ளியாத்தாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு மணியனின் தோள்துண்டை எட்டிப் பிடித்தாள். மணியன் விலகவில்லை. விழுகிற அடி விழட்டும் என்று நின்றான். அதுவரைக்கும் அவனை ஆம்பிளை என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான், அந்த இடத்தில் தயக்கமில்லை.

“இரும்மா” என்றது ஒரு குரல். பூவாத்தாள் பேசினாள்.

முந்தானை நுனியை எடுத்துக் கீழே இருந்த குடத்துத் தண்ணீரில் முக்கினாள். இரண்டு கையாலும் இழுத்தாள். சத்தம்கூட வரவில்லை, துணி அப்படியே விட்டுக்கொடுத்தது. அந்தக் கிழிசலைப் பார்த்துக் கூட்டத்துப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். இதோ அழப்போகிறாள், வீட்டுக்குள் ஓடப்போகிறாள், இனி இந்த ஜென்மத்துக்கு வெளியே வரமாட்டாள் என்றுதான் மணியன் நினைத்தான். அவள் அழவில்லை. கரையை முக்கி இழுத்தாள். மறுபடி இழுத்தாள். கரை அசையவில்லை.

“கரை பட்டுதானுங்களா?”

“சத்தியமா பட்டு, அம்முணி.”

“சத்தியம் வேண்டாமுங்க. எது வரைக்கும் பட்டுன்னு காட்டுங்க.”

மணியன் குனிந்து, கரை முடிந்து உடல் தொடங்கும் இடத்தை விரலால் கோடு போட்டுக் காட்டினான். அவள் தலையாட்டிக்கொண்டாள். அதற்குள் ராஜம்மாள் மஞ்சள் சேலையோடு பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். ஒருத்தியை ஒருத்தி முன்பின் பார்த்ததில்லை. ஆனாலும் வார்த்தை எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு பேரும் கிணற்றோரத்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனார்கள். வள்ளியாத்தாள் அரிவாளை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினாள்.

திரும்பி வந்தபோது பூவாத்தாள் பருத்திச் சேலை கட்டியிருந்தாள். அதற்குமேல், வெட்டி எடுத்த பட்டுக்கரை இடுப்பைச் சுற்றி, தோளில் குறுக்கே போய், மறுபடி இடுப்பில் வந்து முடிந்திருந்தது.

“பட்டு உடுத்தறதாத்தானே வேண்டுதல்? இது பருத்தியாச்சே” என்று பெரியவர் ஒருவர் இழுத்தார்.

“பட்டு உடுத்தி வரச் சொல்லி வேண்டுனது எங்கம்மாங்க” என்றாள் பூவாத்தாள். “எத்தன மொழம்னு எங்கம்மாளும் சொல்லல, ஆத்தாளும் கேக்கல. ஒரு பங்கு பட்டு எங்கிட்ட இருக்குது. ஒரு பங்குன்னு சொல்லியே எடுத்துட்டுப் போறேன். மீதியும் பட்டுன்னு சொன்னாத்தானே ஆத்தாளுக்குக் கோவம் வரும்?”

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கூட்டம் முழுக்கப் பரவியது. பெரியவரும் சிரித்துவிட்டார். என்ன பெண்! ஒரு வருஷம் இருட்டு மூலையில் உட்கார்ந்திருந்தவள், எழுந்து வந்த அன்றைக்கே ஊர் நியாயத்தை நாலு வரியில் தீர்த்துவைத்தாள். மணியனை விட்டுவிடும்படி தாய்க்குக் கண் காட்டினாள். “அவரு ஊட்டுலயே படுத்துத் தூங்கியிருக்கலாம், வந்து சொன்னாருல்ல” என்றாள்.

பம்பை முழங்கியது. வள்ளியாத்தாள் குடம் குடமாக ஊற்றினாள். மஞ்சள் தண்ணீர் வழிய, ஈரப் பருத்தி கெட்டியாக உடம்பைப் பிடித்துக்கொள்ள, தலையில் தீர்த்தக்குடத்தோடு பூவாத்தாள் வீதியில் நடந்தாள். அவள் இடுப்பில் ஒரே ஒரு பங்கு பட்டு நனைந்து இன்னும் மினுங்கியது. மணியன் கூட்டத்தின் கடைசியில் நடந்தான். வாழ்நாளில் எத்தனையோ சேலைகளை அழகு அழகு என்று கூவி விற்றவன். அழகு என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தோள்துண்டைத் தேடினான். அது வள்ளியாத்தாள் கையோடு போயிருந்தது.

புறப்படும்போது வள்ளியாத்தாள், கரை போன சேலையைத் தூக்கி வந்தாள். “இத என்ன பண்ணச் சொல்றீங்க? அடுப்புல போடட்டுங்களா?”

“நூலு மேல குத்தமில்லீங்க” என்றாள் ராஜம்மாள். “நனைக்காம வெச்சா நாளு பட வரும். சின்னப் புள்ளைகளுக்குப் பாவாடை தெச்சுப் போடுங்க, ராணி மாதிரி இருக்கும். அதுக்குப் பட்டுன்னு பேரு வெச்சதுதானுங்க தப்பு.”

வீடு திரும்பியதும் மணியன் மயில் தாள்களை மொத்தமாக அடுப்பில் போட்டான். ராஜம்மாள் பார்த்துவிட்டு ராட்டைக்குத் திரும்பினாள். பேச்சு வார்த்தையெல்லாம் இருந்தது, சோறும் போட்டாள். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். முடிச்சை அவள் கை தொடவே இல்லை. இழைகளை எண்ணி எடுத்து மணியனே முடிந்தான். தடித்த விரல், பழகாத வேலை. பாதி முடிச்சு வழியிலேயே அவிழ்ந்து போகும், சந்தையில் உட்கார்ந்து மறுபடி போடுவான்.

முதலில் வியாபாரம் படுத்தது. பக்கத்துக் கடைக்காரர்கள், சேலை விற்கிறவன் தன் சேலைமேல் தானே கோள் சொல்கிறான் என்று சிரித்தார்கள். அப்புறம் போதமலைப் பக்கத்துப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். கிணற்றடியில் நடந்தது தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. வந்தவர்கள் சேலையின் மேல்மடிப்பைப் பார்க்கவில்லை. நேரே உள்முனையைப் புரட்டினார்கள், இழையை உருவி நாக்கில் தொட்டு இழுத்தார்கள், ஒருத்தி தீப்பெட்டியே கொண்டுவந்தாள். “எனக்கு மினுக்குத்தானுங்க வேணும், நனைக்கவா போறேன்?” என்று தெரிந்தே ஜப்பான் சேலையை வாங்கிப் போனாள் இன்னொருத்தி. மணியனுக்கு வாயைத் திறக்க வேண்டிய வேலையே குறைந்துபோனது. ஆனால் சாயங்காலம் வீட்டில் போய் நடித்துக் காட்டும்போது, ராஜம்மாள் முன்போல ராட்டையைச் சுற்றிக்கொண்டே சிரிக்கவில்லை. அதுதான் அவனைத் தின்றது. ஊர் நம்பிவிட்டது, அவள் இன்னும் நம்பவில்லை.

தை பிறந்து ஒருநாள் வண்டி ஒன்று வாசலில் நின்றது. இறங்குமுன்னே குரல் உள்ளே வந்தது. வள்ளியாத்தாள். பூவாத்தாளுக்குக் கல்யாணம், தீர்த்தக்குடத்தன்று கூட்டத்தில் நின்று பார்த்தவனின் வீட்டிலிருந்தே கேட்டு வந்தார்களாம். கூறைச் சேலை எடுக்க வந்திருந்தாள்.

மணியன் ஒரு சேலையை எடுத்து அவள் மடியில் வைத்தான். இந்தத் தடவை உதறவில்லை, கூவவில்லை. வள்ளியாத்தாள் அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு, தறிக்குழி ஓரத்தில் இழை அறுந்த இடத்தை ஒட்டிக்கொண்டிருந்த ராஜம்மாளைப் பார்த்துத் திரும்பினாள்.

“நீ சொல்லு அம்முணி. இதுல என்ன எவ்வளவு?”

ராஜம்மாள் தலை தூக்கவில்லை. இழையை ஒட்டி முடித்தாள். “அவரையே கேளுங்க” என்றாள். “அவரு சொன்னாச் செரியா இருக்கும்.”

மணியன் தொண்டையைச் செருமினான். புராணம் வாசிக்கிற செருமல் இல்லை அது.

“பத்துல ஒம்போது பட்டுங்க, ஆத்தா. ஒண்ணு பருத்தி. கரைக்கு ஒட்டுனாப்புல கெட்டிக்குப் போட்டிருக்குது.”

“போதும், மடிச்சுக் குடுங்க” என்றாள் வள்ளியாத்தாள். உள்முனையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது ராஜம்மாள் எழுந்து வந்து சேலையைக் கையில் வாங்கினாள். முனையைத் தேடி எடுத்து, அவன் போட்டிருந்த முடிச்சைப் பார்த்தாள். “இது பாதி வழியிலயே அவுந்துரும்” என்று சொல்லி அதை அவிழ்த்தாள். பத்து இழையையும் நீவி ஒன்றாகச் சேர்த்து, தன் கையால் முடிந்து கொடுத்தாள்.